ஏழு நாள் சும்மா இருக்கத் தெரிந்தவர்

தண்ணீர்ப் பம்பு விற்கும் கம்பெனியில் மெயில் சர்வரைக் கட்டி மேய்த்தவரை எல்லோரும் போஸ்ட்மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். வயது ஐம்பத்து மூன்று. இந்த வேலை போனால் வேறு எவனும் சேர்க்க மாட்டான் என்பது அவருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

ஒரு புதன்கிழமை கம்பெனியின் மெயிலெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. யார் மெயிலை உள்ளே விடக் கூடாது என்று எங்கோ உட்கார்ந்து தடைப்பட்டியல் நடத்தும் புண்ணியவான்கள், பக்கத்து சர்வர் முகவரியிலிருந்து எவனோ குப்பை மெயில் அனுப்பினான் என்று அந்த முகவரி வரிசையையே அடைத்துவிட்டார்கள். அவர்களின் விதி அதைவிட அழகு. ஏழு நாள் வாயைத் திறக்காமல் இருந்தால் தடை தானாக நீங்கும். நடுவில் நீக்கச் சொல்லிக் கேட்டால் ஏழு நாளும் முதலிலிருந்து.

"அடுத்த வெள்ளிக்குள்ள சரியாகணும். இல்லன்னா நீங்க வர வேண்டாம்" என்றார் முதலாளி.

போஸ்ட்மாஸ்டர் விதியை விளக்கிவிட்டு வந்து காத்திருந்தார். தினமும் காலை ஒன்பதுக்குத் தன் சொந்த முகவரிக்கு ஒரு சோதனை மெயில் தானாகப் போகும்படி சர்வரில் வைத்தார். அந்த முகவரியும் அதே பட்டியலைப் பார்த்துத்தான் உள்ளே விடும். விளையாட்டாக ஒரே வரி எழுதியிருந்தார்: 'இது வந்து சேர்ந்தால் நீ பிழைத்தாய்.'

ஆறு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, முதலாளி கூப்பிட்டார்.

"நீங்க கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. தடைய நீக்கச் சொல்லி நானே ஃபாரம் நிரப்பி அனுப்பிட்டேன். சூடா நாலு வரி எழுதியிருக்கேன்."

போஸ்ட்மாஸ்டர் விரல்விட்டு நாளை எண்ணினார். "சார், கேக்கக் கூடாதுன்னு சொன்னேனே. மறுபடி ஏழு நாளாகும்."

"கேக்காம எவன்யா குடுப்பான்?"

வெள்ளிக்கிழமை சாவியை வரவேற்பு மேஜையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். முதலாளி தலை நிமிரவே இல்லை.

திங்கட்கிழமை புது ஆள் வந்தான். சர்வரின் பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது என்பதைக்கூட அவன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை தடை நீங்கி மெயிலெல்லாம் போய்ச் சேர்ந்தன. முதலாளி அவன் முதுகில் தட்டிக்கொடுத்து, "ராசியான கைப்பா உனக்கு" என்றார்.

அதே காலை, ஒன்பது மணிக்கு, வீட்டில் போஸ்ட்மாஸ்டரின் போன் சிணுங்கியது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"வேலைக்கு எழுதிப்போட்ட இடத்துலேர்ந்தாங்க?"

அவர் அந்த ஒரு வரியை இரண்டு தடவை படித்தார்.

"இல்ல. நான் எழுதினதுதான்."