கரும்புகையும் ஐந்தருவியும்

கேரளாவில் காய்கறி இறக்கிவிட்டு மனைவியோடு திரும்பும்போது, செங்கோட்டை அருகே என் லாரி இழுக்காமல் கரும்புகை கக்கியது. இன்ஜின் ஆயுள் முடிந்ததென்று இடிந்துபோனேன்.

பின்னால் வந்த லாரி டிரைவர் தன் வண்டியை நிறுத்தி இறங்கினார். சூடு ஆறியதும், புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வால்வைக் கழற்றினார். உள்ளே கரி அப்பியிருந்தது.

"இஞ்சினு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, மூச்சுதான் முட்டுது."

"இந்த வால்வால இஞ்சினு கெட்டுரும், அடைச்சிருன்னு சொல்லுதாங்களே?" என்றேன்.

"அடைச்சிராதிய. அப்பப்ப கழட்டிச் சுத்தம் பண்ணுங்க, ரொம்ப வருசம் ஓடும்."

மூவரும் சேர்ந்து கரியைச் சுரண்டினோம். வால்வை மாட்டியதும் லாரி சீறிக் கிளம்பியது. மனைவி கைதட்டி, "நேரா குத்தாலத்துக்கு விடுங்க!" என்றாள். நானும் அவளும் கரிமுகத்தோடு குற்றாலம் ஐந்தருவியில் போய் நின்று சிரித்துக்கொண்டே குளித்தோம்.

முன்பெல்லாம் வழியில் நிற்கும் லாரிகளை ஹாரன் அடித்துக் கடந்துவிடுவேன். இப்போது இறங்கிவிடுகிறேன்.