கிரில்லில் தொங்கிய இரண்டாவது பூட்டு

"தங்கச்சி, நான் பூட்டிட்டேன்லா! இனிமே எவன் வந்து எதத் தூக்கிட்டுப் போறான்னு பாக்கறேன்."

போனில் சிவலிங்கம் அண்ணன் ஏதோ போட்டியில் ஜெயித்தவர் மாதிரி பேசினார்.

இந்தத் தீவில், ஜார்ஜ்டவுனில் வீட்டு ஏஜெண்டாக இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். என்னிடம் வருகிறவர்கள் பெரிய முதலாளிகள் இல்லை. ஒரு வீடு, மிஞ்சினால் இரண்டு வீடு வைத்து வாடகைக்கு விடுகிறவர்கள். அண்ணனும் அப்படித்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இபிஎஃப் சேமநிதிப் பணத்தில் பாயான் பாருவில் ஒரு அடுக்குமாடி வீடு வாங்கினார். முதலில் குடிவந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான். போகிற போக்கில் சுவரிலிருந்த ஒயரைக்கூட உருவிக்கொண்டு போனான், பாவி! அன்றிலிருந்து அண்ணனுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்.

அடுத்து நான் பிடித்துக்கொடுத்தது புனிதாவை. எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட், தனி ஆள். வாடகை விஷயத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. அன்று காலை அவள் வீட்டிலிருந்து லாரியில் சாமான் ஏறியதாகப் பக்கத்து வீட்டுக்காரர் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அண்ணன் போன் போட்டார், எடுக்கவில்லை. நேரில் போய்த் தட்டினார், பதில் இல்லை. ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. இவளும் ஓடிவிட்டாள் என்று முடிவுகட்டி, புதுப் பூட்டு ஒன்றை வாங்கி வாசல் கிரில்லில் வெளியிலிருந்து மாட்டிவிட்டார்.

"அண்ணே, உள்ள ஆள் இருக்கான்னு பாத்தீங்களா?"

"இருந்தா கதவத் தொறக்க மாட்டாளா?"

"நைட் ஷிப்ட் முடிச்சவ பகல்லதானே தூங்குவா! வெளிச்சம் வரக்கூடாதுன்னுதான் அந்தக் கறுப்புத் துணி. நீங்களே ஷிப்ட் பாத்தவரு, இதுகூடவா தெரியாது?"

அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "சாவி என்கிட்டத்தான் இருக்கு. நான் இப்ப கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்துல இருக்கேன்."

அவர் போனை வைத்த கையோடு புனிதா கூப்பிட்டாள். "அக்கா... யாரோ வெளிய... பூட்டு போட்டிருக்காங்க. மூச்சு முட்டுது. இன்ஹேலர்... முடிஞ்சிருச்சு."

அவளுக்கு ஆஸ்துமா உண்டு என்று எனக்குத் தெரியும். நாலு வார்த்தை பேசுவதற்குள் அவள் இழுத்த இழுப்பு என் காதில் விசில் மாதிரி கேட்டது.

"பேசாதம்மா. ஜன்னலத் தொறந்துவிட்டுப் பக்கத்துல உக்காரு. நான் வந்துட்டே இருக்கேன்."

தீயணைப்புப் படைக்குப் போன் போட்டேன். வழியில் பார்மசியில் இன்ஹேலர் ஒன்று வாங்கிக்கொண்டு ஓடினேன். கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. கம்பி இடுக்கில் கையை விட்டுக் கொடுத்தேன். இழுத்தாள், மறுபடியும் இழுத்தாள். இளைப்பு அடங்கவில்லை. கிளினிக்கில் மாஸ்க் மாட்டி மருந்து காஸ் வைத்தால்தான் அடங்கும்.

கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் சீனரைக் கூட்டிவந்தேன். பெரிய கட்டரோடு வந்தார். அண்ணன் நல்ல கெட்டிப் பூட்டாகப் பார்த்து வாங்கியிருந்தார், கட்டரின் வாய்தான் மழுங்கியது. "சுசா லா, கக்கா," என்றார் மலாயில், கஷ்டம் அக்கா என்று. தலையை ஆட்டிவிட்டு, கிரைண்டர் எடுக்க ஓடினார். அதற்குக் கரண்ட் வேண்டுமே! கோள் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர்தான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒயரை நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து அண்ணனின் போன். "வெட்டாத தங்கச்சி, கிரில்லு வீணாப் போயிரும். பாலத்துல ஜாம். அரை மணியில வந்திர்றேன்."

"அரை மணியா? அண்ணே, கிரில்லு போனா வேற கிரில்லு போட்டுக்கலாம். இவ போனா வேற யாரக் கொண்டாந்து வைப்பீங்க?"

போனை அணைத்தேன். இரும்புத் தூள் அவள் மூச்சுக்குள் போய்விடக் கூடாதென்று ஈரத் துண்டால் வாயை மூடிக்கொண்டு பின்னறைக்குப் போகச் சொன்னேன். பொறி பறந்தது. உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று அது நின்றது. "புனிதா! புனிதா!" என்று கத்தினேன். கடவுளே, இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தவளே நான்தானே!

பூட்டு உடைந்து விழுந்தது. பின்னறைத் தரையில் சுவரில் சாய்ந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. தூக்கிக்கொண்டு கீழே இறங்கியபோது தீயணைப்பு வண்டி உள்ளே நுழைந்தது.

கிளினிக்கில் காஸ் வைத்த பிறகுதான் அவள் தோள் ஏறி இறங்குவது நின்றது. அப்போதுதான் நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். லாரியில் போனது ரிப்பேருக்குக் கொடுத்த வாஷிங் மெஷின் என்று பிறகு தெரிந்தது.

புனிதா போலீசில் புகார் கொடுத்தாள். நானும் கூடப் போய்ச் சாட்சி சொன்னேன். அண்ணனுக்கு என்மேல் கோபம்தான், இருக்கட்டும்.

வீடு வாங்கி வாடகைக்கு விடப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ரிஜிஸ்டர் உங்கள் பேரில் இருந்தாலும், சாவியைக் கொடுத்த பிறகு உங்கள் இஷ்டத்துக்குப் பூட்டு மாட்ட முடியாது. குடியிருப்பவர் என்ன தப்பு செய்திருந்தாலும் முறையாக நோட்டீஸ் கொடுத்து, கோர்ட் மூலமாகத்தான் வெளியேற்ற வேண்டும். அவசரத்துக்குக் கூப்பிட இன்னொரு ஆளின் நம்பரை அக்ரிமெண்டிலேயே எழுதி வாங்குங்கள். புனிதாவுக்கு ஒரு தங்கை உண்டு; அவள் நம்பர் அண்ணனிடம் இருந்திருந்தால், இவள் ஓடவில்லை, தூங்குகிறாள் என்று ஒரு போனில் தெரிந்திருக்கும். அதை வாங்கி வைக்காதது என் அலட்சியமும்தான்.

மாதக் கடைசியில் புனிதா வீட்டைக் காலி செய்தாள். அண்ணன் வந்து வாசலிலேயே நின்றார். "தப்புதாம்மா. போகாத, இங்கயே இரு. இனிமே நான் இந்தப் பக்கம் தலவச்சும் படுக்க மாட்டேன்."

"கோவம் இல்ல அங்கிள்," என்றாள். "முன்னெல்லாம் கதவு பூட்டியிருக்கான்னு பாத்துட்டுப் படுப்பேன். இப்ப தொறக்க முடியுதான்னு பாத்துட்டுப் படுக்கறேன். அப்பவும் தூக்கம் வரமாட்டேங்குது."

அதன் பிறகு வீடு கேட்டு யார் வந்தாலும், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், எந்த நேரத்தில் தூங்குவீர்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.