நான் எழுதி வைத்த நலம்

மணமேல்குடியில், கப்பல் வேலைக்குப் போனவர்களின் குடும்பங்களுக்காக ஒரு வலைப்பக்கம் செய்து கொடுத்தேன். பட்டியலில் மகன் பெயரைத் தொட்டால் அவனுக்கு அனுப்ப ஒரு மெயில் போனில் தானாகத் திறக்கும். மேலே அவன் பெயர், கீழே என் நிரல் நிரப்பிய வரிகள்: "நான் நலம். கவலைப்பட வேண்டாம். எந்நேரமும் உன் நினைவுதான்." அனுப்பும் பட்டனை அழுத்தினால் போதும். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எனக்குள் ஒரு கர்வம்.

இரண்டு நாள் கழித்து, கடற்காற்றில் தெருவே மிதப்பதுபோல் இருந்த ஒரு பிற்பகலில், பக்கத்து வீட்டு மும்தாஜ் மாமி ஒரு கிண்ணம் வட்டலப்ப இனிப்போடு வந்தார். மூன்று மாதமாக மகனிடமிருந்து தகவல் இல்லாதவர்.

"எம்மவன் கடுதாசி போட்டுட்டான்மா!"

போனை நீட்டினார். என் வரிகள். இன்னும் அனுப்பப்படாமல், கடைசி எழுத்தின் பக்கத்தில் கர்சர் மினுங்கிக்கொண்டிருந்தது. மாமி திரையைப் பார்க்காமலே அதை மனப்பாடமாகச் சொன்னார். கடலுக்கு அப்பாலிருந்து யாரோ பேசுவதுபோல் எனக்கே ஒரு கணம் இருந்தது. உண்மையைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"மாமி... இது அவன் எழுதுனதில்ல. நீங்க அவனுக்கு அனுப்புறதுக்காக நான் எழுதி வச்சது."

மாமி திரையை ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

"எம்மவன் இம்புட்டு அழகா எழுத மாட்டானேன்னு நெனச்சேன்தான். ஆனா ரெண்டு நாளா நல்லாத் தூங்குனேன்மா." போனை என் கையில் வைத்தார். "அனுப்பிவிடு. அவனும் தூங்கட்டும்."

அனுப்பினேன். இப்போதெல்லாம் பிறருக்காக எதை எழுதி வைத்தாலும், அது எனக்கே வந்ததாக நினைத்து ஒருமுறை படித்துப் பார்க்கிறேன்.