கிரானைட்டில் போட்ட டென்னிஸ் கோர்ட்

1. பளபளப்பு

பந்து எழும்பவே இல்லை. தரையில் பட்டதும் வழுக்கிக்கொண்டு போய் வேலியில் முட்டியது. பி.டி. டீச்சர் ஸ்டெல்லா இன்னொரு பந்தை அடித்துப் பார்த்தார். அதுவும் அதே கதை.

"சேவியர் அண்ணே, இது டென்னிஸ் கோர்ட்டா, ஜவுளிக்கடையா?" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

டென்னிஸ் தரை போடுவதுதான் என் தொழில். ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில் இருக்கும் டீச்சரின் பள்ளிக்கு, மேலூரில் கிரானைட் பாக்டரி வைத்திருக்கும் அழகுமலை அண்ணன் தன் செலவில் கோர்ட் போட்டுத் தந்தார். நான் காங்கிரீட் தளம் போட்டு, அது காயட்டும் என்று திருமங்கலத்தில் வேறு வேலைக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தால், பெயிண்ட் அடிக்க வேண்டிய தளம் முழுக்க பாலிஷ் போட்ட கிரானைட்! குனிந்து முகம் பார்த்து மீசையை முறுக்கிக்கொள்ளலாம்.

"பெயிண்ட் எம்புட்டு நாளைக்கு நிக்கும் சேவியரு? இது நம்ம பேரப்புள்ளைக காலத்துக்கும் கெடக்கும்ல?" என்றார் அண்ணன், வாயெல்லாம் பல்லாக.

கோபமாகத்தான் வந்தது. ஆனால் யோசித்தால், நம் நாட்டில் டென்னிஸ் வளர்ந்த கதையே காலுக்குக் கீழே நடந்த கதைதான். வெள்ளைக்காரர்கள் கிளப்பில் புல்தரையில் ஆடினார்கள். நம் பக்கத்து வெயிலுக்குப் புல் தாங்குமா? மண்ணை இடித்துக் கெட்டியாக்கி, சாணி மெழுகி ஆடினோம். நான் தொழிலுக்கு வந்தபோது களிமண் கோர்ட். ரோலர் இழுக்கவே தனி ஆள் உண்டு. அப்புறம் காங்கிரீட்டும் ஆக்ரிலிக் பெயிண்டும் வந்தன. அவரவர் ஊரில் கிடைத்ததை வைத்துத்தான் ஆட்டம் ஓடியது. மேலூர்க்காரர் கையில் கிடைத்தது கல். அவரை என்ன சொல்வது?

ஆனால் டீச்சரின் பாடுதான் பெரிய பாடு. எந்தப் போட்டி என்றாலும் நம் பிள்ளைகள் ரயிலேறிச் சென்னைக்குத்தான் போக வேண்டும். வீட்டில் அனுப்ப மாட்டார்கள். பாதிப் பிள்ளைகள் ராக்கெட்டை மூலையில் வைத்துவிடும். அலையாய் அலைந்து பெண்கள் போட்டி ஒன்றை டீச்சர் இங்கே கொண்டுவந்திருந்தார். அடுத்த வாரம் போட்டி நடத்தும் சங்கத்து அதிகாரி கோர்ட்டைப் பார்க்க வருகிறார். தரை சரியில்லை என்றால் போட்டி மறுபடியும் சென்னைக்கே போய்விடும்.

2. கொத்து

"அம்மி கொத்துற மாதிரி கொத்திவிட்டா பந்தும் எந்திரிக்கும், பெயிண்டும் பிடிக்கும்ணே" என்றேன்.

"பாலிஷ் போட்ட கல்லக் கொத்துறதா? போய்யா!" அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

டீச்சர் ஒரு ராக்கெட்டைக் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தார். "நீங்க போட்ட கோர்ட்டுண்ணே. மொத ஆட்டம் நீங்கதான் ஆடணும்."

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். டீச்சர் மெதுவாகத்தான் போட்டார். பந்து அண்ணன் காலிடுக்கில் நுழைந்து போனது. அடுத்ததை விடக்கூடாது என்று பாய்ந்தவர், சர்ரென்று வழுக்கி உட்கார்ந்துவிட்டார். கல் பதித்த ஆட்கள் சிரிப்பை மறைக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் தூக்கிவிட ஓடினேன். அண்ணனே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தபிறகுதான் மூச்சு வந்தது.

"ஏத்தா, பந்து எந்திரிக்கவே மாட்டேங்குதே!"

"அதத்தான்ணே காலையிலருந்து சொல்றோம்!"

அண்ணன் உட்கார்ந்தபடியே போன் போட்டார். "மாப்ள, உளியத் தூக்கிக்கிட்டு அம்புட்டுப் பேரும் கெளம்பி வாங்க!"

பாக்டரி ஆட்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். வரிசையாக உட்கார்ந்து அவர்கள் கொத்திய சத்தத்தில் பள்ளியில் பாடமே நடக்கவில்லை. சொரசொரப்பான கல்லின்மேல் நான் ஆக்ரிலிக்கை இழுத்துவிட்டேன். வந்த அதிகாரி பந்தைத் தட்டிப் பார்த்தார். அது அவர் இடுப்புவரை எழும்பியது. தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தரை போட வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். முதலாளியிடம் வாதாடாதீர்கள். ராக்கெட்டைக் கொடுத்து உள்ளே இறக்கிவிடுங்கள்; மிச்சத்தைத் தரை சொல்லிவிடும்.

போட்டியன்று, டீச்சரிடம் பழகும் மேலூர்ப் பிள்ளை செல்வி முதல் ஆட்டத்திலேயே தோற்றாள். நான் ஆறுதல் சொல்லப் போனேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள். "தோத்துட்டேன்ணே! வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு, சாயந்தரம் பிராக்டிஸுக்கு வாரேன்!"

தோற்றும் ராக்கெட்டை மூலையில் வைக்காத பிள்ளையைப் பார்த்து ஸ்டெல்லா டீச்சருக்கு மறுபடியும் கண் கலங்கிவிட்டது.