ஓர்வல் டிஸ்டேலை யாரும் எழுப்பவில்லை

லாஸ் வேகாஸில் ஓர்வல் டிஸ்டேல் சம்பாதித்த மரியாதை ஒன்றே ஒன்றுதான். பிளாக்ஜாக் சீட்டாட்ட மேஜையில் உட்கார்ந்தால் அவரை எழுப்பிவிடுவார்கள். தோளில் ஒரு கை விழும். "உங்க ஆட்டம் எங்களுக்குத் தாங்காது சார். வேற என்ன வேணா ஆடுங்க, இது வேண்டாம்" என்பார்கள். தோற்பவனை எந்தக் கேசினோவும் எழுப்புவதில்லை. வெளியே போன சீட்டுகளை மனசில் எண்ணி ஜெயிக்கிறவனைத்தான் எழுப்பும்.

அவர் ஒக்லஹோமாவில் கூரை போட்டுக்கொண்டிருந்தவர். விழுந்து இடுப்பொடிந்து கிடந்த ஒரு குளிர்காலத்தில் எண்ணப் பழகினார். மனைவி நடீன் அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டே சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடுவாள். வானொலியை அலறவிட்டு, அவருடைய அம்மாவைப் பற்றி வேண்டுமென்றே வம்பு பேசி, கணக்கைக் குலைக்கப் பார்ப்பாள். குலையாது. சின்னச் சீட்டு வெளியே போனால் ஒன்று கூடும். பத்தும் படச்சீட்டும் போனால் ஒன்று குறையும். வந்த கூட்டலை, மிச்சமிருக்கும் கட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்த பிறகே பந்தயத்தை உயர்த்த வேண்டும். அவருடைய முறையில் ஏஸ் இந்தக் கணக்கில் சேராது. அதைத் தனியாகக் காலில் வைத்திருந்தார். ஓர் ஏஸ் போனால் வலது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பும், இன்னொன்று போனால் இன்னும் கொஞ்சம். சீட்டுப் போடும் டீலர் கட்டைக் கலைத்ததும் எல்லாம் பூஜ்யம். பாதங்கள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

போன நவம்பரில், நன்றி நாள் விருந்துக்கு அப்புறம் அவர் தோற்க ஆரம்பித்தார். "கெட்ட நேரம்டி, எனக்கு வராததா?" என்றார். அதில் பொய்யில்லை. நன்றாக எண்ணுகிறவனும் மாதக்கணக்கில் தோற்பதுண்டு. அந்த இருட்டுக்குள்தான் மறதி நோய் வசதியாக ஒளிந்துகொண்டது. ஒருநாள் கடைக்குப் போனவர், என்றைக்கோ விற்றுவிட்ட பழைய வீட்டு வாசலில் காரை நிறுத்திக்கொண்டு சாவியைத் தேடினார்.

ஒரு காலை, சாப்பாட்டு மேஜையில் தொப்பியை எடுத்து மாட்டினார்.

"காப்பர் லேன்டர்ன் கேசினோவுக்குப் போறேன். என்னை முதல்ல எழுப்பின கீஹோ இன்னும் அங்க மேற்பார்வையிலதான் இருக்கான். மத்தியானத்துக்குள்ள அவன் என்னை எழுப்பலேன்னா, இனி சீட்டைத் தொட மாட்டேன்."

"எழுப்பிட்டான்னா?"

"வீட்டை அடமானம் வச்சு பெரிய கை ஆடுவேன். நீ மூச்சு விடக்கூடாது."

"நான் என்னிக்கு மூச்சு விட்டேன், கிழவா? முப்பது வருஷமா அடக்கிட்டுதான் இருக்கேன்."

அவர் சிரித்தார். அவளும் கூடப் போனாள்.

இரண்டு கட்டுச் சீட்டு ஆடும் மேஜை. முதல் சுற்றுகளில் அவர் பழைய ஓர்வலாகவே இருந்தார். பந்தயம் சரியான இடத்தில் ஏறியது, சரியான இடத்தில் இறங்கியது. ஒருவேளை நடீனின் பயந்தான் தப்போ? கூட்டல் ஏறியது; ஏஸ் போகப் போக அவருடைய பாதமும் வெளியே திரும்பியது. அப்போது டீலர் சீட்டுகளைச் சேர்த்துக் கலைத்தாள். ஓர்வல் கட்டை வெட்டிக் கொடுத்தார்.

பாதம் திரும்பி வரவில்லை.

பழைய கணக்கைச் சுமந்துகொண்டே, புதிதாகக் கலைத்த கட்டின் முதல் கையில் பந்தயச் சில்லுகளை ஒரு கோபுரமாகத் தூக்கி வைத்தார். தோற்றார். "இப்ப வரும் பாரு" என்று மறுபடி வைத்தார்.

நடீனின் பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது. கீஹோ. அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. மேஜைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் காலைப் பாத்துத்தான் மேடம் அவரை முதல்ல பிடிச்சேன்" என்றான் மெதுவாக. "எத்தனை நாளா இப்படி?"

அவள் அந்தப் பாதத்தையே பார்த்தாள்.

"நான் வேணா போய் எழுப்பட்டுமா? மரியாதையா, பழையபடியே சொல்றேன். மனுஷன் தலை நிமிந்து வீட்டுக்குப் போகட்டும்."

எவ்வளவு நல்ல வார்த்தை! தோளில் ஒரு கை விழுந்தால் போதும், ஓர்வல் வாசல்வரை விசிலடித்துக்கொண்டே நடப்பார். நாளைக் காலை வங்கி திறக்கும்போது வீட்டுப் பத்திரத்தோடு அங்கே நிற்பார்.

"வேண்டாம்" என்றாள் நடீன். "உக்காந்திருக்கட்டும்."

கீஹோ, தோற்கிறவர்களுக்குக் கேசினோ எப்போதும் செய்வதைச் செய்தான். மேஜைக்குப் போய் ஓர்வலின் முன்னால் இலவசச் சாப்பாட்டுச் சீட்டு ஒன்றை வைத்தான். "ரெண்டு பேருக்கும் சேத்து, மிஸ்டர் டிஸ்டேல். சாப்பிட்டுட்டு வந்து நிதானமா ஆடுங்க."

இத்தனை வருடத்தில் எந்தக் கேசினோவும் அவருக்கு ஒரு காபிகூட வாங்கிக் கொடுத்ததில்லை. ஓர்வல் அந்தச் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். அதை இழுத்து மற்றதோடு சேர்த்து வைத்தார்.

"யோவ் கீஹோ" என்றார். "எழுந்திருன்னு ஒரு வார்த்தை சொல்லேன்யா."

கீஹோ நடீனைப் பார்த்தான். அவள் வேண்டாமென்று தலையை அசைத்தாள். அவன் நகர்ந்து போனான்.

சாப்பாட்டுக் கூடத்தில் அவள் இறைச்சியை அவருக்குத் துண்டு போட்டுக் கொடுத்தாள். அவர் பாதி சாப்பிட்டார். தொப்பியைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முகம் தெளிந்து, கண்ணில் காலையில் இருந்த அதே பளபளப்பு வந்தது.

"ஏன்டி, கீஹோ வந்து எழுப்பிட்டானா?"

நடீன் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இல்ல" என்றாள்.

அவர் முகம் மறுபடியும், முதல் தடவை கேட்பதுபோலவே, விழுந்தது.