தண்டவாளத்துக் கருமணல்

எங்கள் ஊரில் எது கெட்டாலும் காரணம் ஒன்றுதான். சன்னல் கம்பி துருப்பிடித்தால் உப்புக்காற்று. மின்விசிறி முனகினால் உப்புக்காற்று. பூட்டுக்குள் சாவி சுற்றவில்லையென்றாலும் உப்புக்காற்று. தூத்துக்குடியில் அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. என் மகள் கல்யாணத்துக்கு அவள் தாய்மாமன் வருவானா மாட்டானா என்ற நிலைமை அதனால்தான் வந்தது.

கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடை ஒன்றில் குடோனைப் பார்த்துக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. கயிற்றுச் சுருளும் பெயிண்ட் டின்னும் என்னிடம் கேள்வி கேட்பதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும். நாலு பேர் சேர்ந்தாற்போல என்னைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சொந்தக்காரர் கல்யாணங்களில் பந்தியில் தண்ணீர் வைக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். குனிந்தபடியே பொழுதை ஓட்டிவிடலாம்.

என் மனைவியின் தம்பி இதற்கு நேர்மாறு. கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே அவன் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். சில வருடங்களுக்கு முன் லீவில் வந்தவன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் மகளுக்கு என்று சொல்லி வைத்தான். திறந்தால் பச்சை நிறத்தில் சாண் நீள எஞ்சின், நாலு வேகன், வட்டமாகப் பூட்டும் தண்டவாளம். மகள் அப்போது காலேஜ் முடித்துவிட்டாள்.

"ஏலே, அவளுக்கு எதுக்கு ரயிலு?" என்றாள் என் மனைவி.

"அவளுக்கில்லக்கா, அத்தானுக்கு. அவியளுக்குன்னு சொன்னா வேண்டாம்பாவ."

குட்ஸ் வண்டி போனால் கேட்டில் நின்று கடைசிப் பெட்டி வரை எண்ணுகிற ஆள் நான். அதை அவன் எப்போது கவனித்தான் என்று எனக்குத் தெரியாது.

மாடி அறையில் எட்டுக்கு நாலு பிளைவுட் பலகையைக் கால் வைத்து நிறுத்தினேன். ஒரு பெரிய வட்டம். அதிலிருந்து பிரிந்து துறைமுகத்துக்கு ஒரு கிளை. உப்பு ஏற்றுவதற்கு ஒரு பக்கப் பாதை. அந்த இடத்தில் உண்மையான உப்பையே அம்பாரமாகக் கொட்டி வைத்தேன். மழைக்காலம் வந்ததும் அம்பாரம் கசிந்து, பலகை உப்பி, பக்கத்துத் தண்டவாளம் பச்சையாகப் பாசி பிடித்தாற்போல ஆகிவிட்டது. அத்தனையையும் பெயர்த்து எடுத்துவிட்டு தெர்மாகோலைச் சுரண்டி வெள்ளைக் குவியல் செய்தேன். அன்று முதல் உப்புதான் என் ரயிலின் எதிரி என்று முடிவு கட்டிவிட்டேன்.

கப்பலிலிருந்து மச்சினன் வீடியோவில் கூப்பிடுவான். அக்காவிடம் ரெண்டு நிமிஷம் பேசிவிட்டு, "அத்தான்ட்ட குடு" என்பான். போனைத் தண்டவாளத்து உயரத்தில் வைத்து அவனுக்குக் காட்டுவேன். "அந்த வளைவுக்குத் தனியா ஒரு வயர் இழுங்க அத்தான். கரண்டு அங்கன போய்ச் சேரதுக்குள்ள களைச்சிரும்" என்பான். நான் வேறு யாரிடமும் அரை மணி நேரம் தொடர்ந்து பேசியதில்லை.

தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி பரப்ப வேண்டியிருந்தது. ஒருநாள் என்னோடு வேலை பார்ப்பவர் வீட்டு விசேஷத்துக்காக மணப்பாட்டுக்குப் போனேன். சாப்பிட்டதும் கூட்டத்துக்குத் தப்பித்துக் கடற்கரைக்கு நடந்தேன். அலை பின்வாங்கிய இடத்தில் மணல் வரிவரியாகக் கறுத்துக் கிடந்தது. எண்ணெய் சொட்டிக் கறுத்த ரயில்வே ஜல்லியைச் சின்னதாக்கியது போலவே இருந்தது. காலி டிபன் பாக்ஸில் அள்ளிக்கொண்டேன். வீட்டில் நல்ல தண்ணீரில் ஏழு தடவை அலசினேன். மொட்டை மாடியில் காயவைத்து, நாக்கு நுனியில் ரெண்டு மணல் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரிக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு பெருமை. பசையைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு வட்டம் முழுக்க ஒட்டினேன்.

மூன்று வாரம் கழித்து எஞ்சின் திணற ஆரம்பித்தது. முதலில் வளைவில். பிறகு நேர்ப்பாதையிலும். ஓடும், உறுமும், நிற்கும். விரலால் தள்ளினால் ஒரு முழம் போகும். தொட்டால் மேல் ஓடு சுடும். தண்டவாளத்தில் உப்பு படிந்திருக்கிறது என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். மீட்டரை வைத்து ஒவ்வொரு சாணாக அளந்தேன். எல்லா இடத்திலும் கரண்டு சரியாக இருந்தது. இருந்தும் வயர்களைப் பிரித்து மறுபடி ஈயம் வைத்தேன். சன்னல் இடுக்குகளைத் துணியால் அடைத்தேன். புழுக்கத்தில் வியர்த்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "ரயிலுக்குச் சளி பிடிச்சிரும்னா?" என்று மனைவி கேட்டாள்.

இந்தச் சமயத்தில் மகளுக்கு ஆறுமுகநேரியில் மாப்பிள்ளை அமைந்தது. ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். மச்சினன் லீவில் இருந்தான். அடுத்து ஒரு குறுகிய ரெண்டு மாதக் கப்பலில் ஏறிவிட்டு, ஆவணிக்குச் சரியாக வந்து இறங்குவதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிவருவது தாய்மாமன். அவளுக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வந்தார்கள். பூ வைத்து முடித்ததும் மச்சினன், "எங்க அத்தான் கைவேலையப் பாத்துட்டுத்தான் காப்பி" என்று சொல்லி அத்தனை பேரையும் மாடிக்குக் கூட்டிவந்துவிட்டான். எஞ்சின் சரியில்லை என்று அவன் காதில் சொல்ல முயன்றேன். "ஓடும் அத்தான், நான் வாங்குனதுல்லா" என்றான்.

பன்னிரண்டு பேர் பலகையைச் சுற்றி நின்றார்கள். நான் குமிழைத் திருகினேன். ரயில் கால் வட்டம் போய், உறுமி, நின்றது. தள்ளிவிட்டேன். மறுபடி நின்றது. யாரோ சிரித்தார்கள். "ரயில்வேக்காரன் மாதிரியே நடுவழியில நிப்பாட்டிட்டாவளே" என்று மாப்பிள்ளையின் அப்பா வேடிக்கையாகச் சொன்னார். எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது. அப்போது என் வாயிலிருந்து வந்தது இது:

"மச்சினன் வாங்கிட்டு வந்த எஞ்சின் பழசு போல. புதுசுன்னு குடுத்திருக்காவ. அதான்."

அப்படி நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எல்லாரும் என்னைப் பார்ப்பதை நிறுத்தினால் போதும் என்றிருந்தது. நிறுத்தினார்கள். அவனைப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள். "அப்போ ஆவணியில தாய்மாமன் பட்டும் செகண்ட் ஹாண்டுதானா?" என்றாள். அறை முழுக்கச் சிரித்தது. மச்சினனும் சிரித்தான். அவன் காது மடல் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். கீழே போய்க் காப்பி டம்ளரைக் கையில் வாங்கி, குடிக்காமல் சன்னலில் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனான்.

மறுவாரம் அக்காவுக்குப் போன் செய்தான். ரெண்டு மாதக் கப்பலை விட்டுவிட்டு ஒன்பது மாதக் கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னான். "பட்டு அனுப்பி வைக்கேன்க்கா. புதுசாத்தான் இருக்கும், பில்லோட" என்றானாம்.

என் மனைவி சண்டை போடவில்லை. எனக்குச் சோறு வைத்தாள், துணி துவைத்துப் போட்டாள். "மகளே, உங்கப்பா வந்தாச்சா?" என்று என் முன்னாலேயே மகளிடம் கேட்டாள். மகள் என் முகத்தைப் பார்க்காமல், "மாமா இல்லாம நான் எப்படிப்பா மணவறைக்குப் போவேன்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் மாடிக்கு ஏறிப் போய்விட்டேன்.

எஞ்சின் பழசுதான் என்று எனக்கு நானே நிரூபிக்க வேண்டியிருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அதற்காகத்தான் அதைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், பலகை மேலேயே வைத்துத் திருகாணிகளைக் கழற்றினேன். எள்ளளவு திருகாணி ஒன்று கைதவறிக் கருமணலில் விழுந்தது. தேடிக் கிடைக்கவில்லை. பழைய ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து பெயர்த்து வைத்திருந்த காந்தத்தை எடுத்துத் தண்டவாளத்து ஓரமாக நடத்தினேன்.

தூக்கிப் பார்த்தபோது திருகாணி இருந்தது. அதைச் சுற்றிக் காந்தத்தில் ஒரு விரற்கடை நீளத்துக்குக் கறுப்புத் தாடி முளைத்திருந்தது.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. தாடியைத் தாளில் உதிர்த்து மறுபடி காந்தத்தைக் காட்டினேன். மணல் எழுந்து நின்றது. பிறகு எஞ்சினின் வயிற்றைப் பார்த்தேன். மோட்டாருக்குள்ளும் காந்தம் இருக்கிறதல்லவா? அதைச் சுற்றிப் பூனை ரோமம் போல அதே கருமணல். பசையில் பிடிக்காத மணலையெல்லாம் எஞ்சின் ஓட ஓட உறிஞ்சியிருக்கிறது. பல்சக்கரத்திலும் அரைபட்டிருந்தது. அந்த மணலில் இரும்பு இருப்பது கடற்கரையில் எத்தனையோ பேருக்குத் தெரிந்திருக்கும். நான் ஏழு தடவை அலசினேன், நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பை மட்டுமே தேடினேன். ஜல்லி போடும்வரை எஞ்சின் நன்றாக ஓடியதே என்று ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்திருந்தால் போதும்.

தாளை மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூன்று வாரத்துக்குப் பிறகு நேராக என்னிடம் பேசினாள்.

"எஞ்சின் நல்ல எஞ்சின்தானா?"

"நல்லதுதான். உன் தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிருதேன்."

"அவன்ட்ட சொல்லி என்னத்துக்கு? அது நல்லதுன்னு அவனுக்குத் தெரியும். எங்க சொன்னியளோ அங்கன போய்ச் சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு ஆறுமுகநேரிக்கு பஸ் ஏறினேன். பையில் எஞ்சின், காந்தம், தாளில் மடித்த மணல். சொல்ல வேண்டிய வாக்கியத்தை முக்காணி தாண்டும்வரை மனப்பாடம் செய்தேன். இறங்கி, அவர்கள் வீட்டைத் தாண்டி உப்பளம் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தேன். ரெண்டாவது தடவை தாண்டியபோது மாப்பிள்ளையின் அப்பா வாசலிலிருந்து, "சம்பந்தி, வீடு இங்கனதான்" என்று கூப்பிட்டார்.

உள்ளே ஆறு பேர் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று நின்றுகொண்டே சொன்னேன். "எஞ்சின் புதுசு. என் மச்சினன் நல்லதுதான் வாங்கிட்டு வந்தாவ. கெடுத்தது நான். உங்க முன்னால தப்பாச் சொல்லிட்டேன்." மனப்பாடம் செய்ததில் பாதி மறந்துவிட்டது. தாளை விரித்துக் காந்தத்தைக் காட்டினேன்.

"ஏளா, இங்கன வந்து பாரு, பூரா இரும்பு!" என்று மாப்பிள்ளையின் அப்பா காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா மணலைப் பார்க்கவில்லை. "இதச் சொல்லவா இந்த வெயில்ல பஸ் ஏறி வந்திய? நான் அன்னிக்கு என்ன சொன்னேன்னே எனக்கு ஞாபகம் இல்லையே" என்றாள்.

நான் ஞாபகப்படுத்தினேன். பட்டைப் பற்றிச் சொன்னதை. அதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"அந்தத் தம்பி காப்பி குடிக்காம போச்சே, அதுக்குத்தானா?" என்றாள். பிறகு மகனிடம் போனை வாங்கி, வாய்க்கு அருகில் பிடித்து உரக்கப் பேசி அனுப்பினாள். "தம்பி, சும்மா சிரிப்புக்குச் சொன்னது, மனசுல வச்சுக்கிடாதீய. உங்க அத்தான் இங்க வந்து நிக்காவ. உக்காரக்கூட மாட்டேங்காவ. பிள்ளைய நீங்கதான் கூட்டியாரணும்."

நாலு நாள் பதில் இல்லை. கப்பல் நடுக்கடலில் இருந்திருக்கிறது. ஐந்தாம் நாள் காலையில் என் மனைவியின் போனுக்கு அவன் குரல் பதிவு வந்தது. அவள் அதை எனக்கும் கேட்கும்படி அடுக்களையில் சத்தமாக வைத்தாள்.

"அக்கா, அத்தானா போய்ச் சொன்னாவ? நாலு பேரு முன்னாலயா?" சிரித்தான். பழைய சிரிப்பு. பின்னால் கப்பல் எஞ்சின் இரைச்சல். "கேப்டன்ட்ட கேட்டிருக்கேன். எனக்குப் பதிலு ஆள் கெடைச்சாத்தான் எறக்கி விடுவாவ. ஆவணிக்குள்ள கெடைக்குமான்னு சொல்ல முடியாதுக்கா. பட்டு எடுத்தாச்சு. வரமுடிஞ்சா கையோட கொண்டுவாரேன்."

கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயரைப் போட்டுவிட்டோம். ஆவணிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

ஒட்டிய ஜல்லி முழுவதையும் வெந்நீர் விட்டு ஊறவைத்து, கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டேன். எஞ்சினைத் துப்புரவாக்கி எண்ணெய் விட்டேன். வெறும் பலகையில் ஓடுகிறது. வளைவில் மட்டும், அரைபட்ட பல்சக்கரத்தின் சத்தம் கேட்கிறது. குடோனுக்குக் கிளம்பும் முன் தினமும் காந்தத்தைப் பலகை மேல் ஒருமுறை நடத்துகிறேன். இன்று காலை மனைவி மாடிப்படியில் நின்று, "இன்னுமா வருது?" என்று கேட்டாள்.

காந்தத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன்.

"கொஞ்சம் வருது" என்றேன்.