ஜீவராணியின் மோதிர விரல்

டயகம தேயிலைத் தோட்டத்தில் ஜீவராணியைத் தெரியாதவர்கள் குறைவு. நாற்பத்தொரு வயது. கொழுந்து எடுப்பதில் அவளை முந்த அந்தத் தோட்டத்தில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். அப்படிப்பட்டவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரொட்டிக்கு மாவு பிசையும்போது வலது கை மோதிர விரல் முறிந்தது. மாவில் அழுத்திய விரல் சட்டென்று மடங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கிவிட்டது. மாவு பிசைந்து விரலை முறித்துக்கொண்டவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கணவர் இராமையா சிரித்தார். வலியோடு அவளும் சிரித்தாள்.

எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. எலும்புக்குள் ஒரு கட்டி வளர்ந்து, சுற்றியிருந்த எலும்பை முட்டை ஓடுபோல மெலிய வைத்திருந்தது. அவள் வீடு திரும்புவதற்குள் செய்தி தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்துக்குப் போய்விட்டது. கட்டி என்றாலே புற்றுநோய்தான் என்று முடிவுகட்டி, எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். ஒருத்தி கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தாள். ஜீவராணிக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் கஞ்சியைக் குடித்தாள்.

கண்டி ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்த எலும்பு மருத்துவர் சிங்களத்தில் பேசினார். தாதி சுதர்ஷினி அதைத் தமிழில் சொன்னாள். எலும்பில் வரும் கட்டிகளில் பலவகை உண்டாம்.

"இதுலயும் சாதி இருக்கா மிஸ்?" என்று ஜீவராணி கேட்டாள்.

சுதர்ஷினி அதைச் சிங்களத்தில் சொன்னதும் மருத்துவர் வாய்விட்டுச் சிரித்து, ஒரு தாளில் படம் போட்டார். கட்டி எதை உண்டாக்குகிறது என்று முதலில் பார்ப்பார்கள். சிலது எலும்பை உண்டாக்கும், சிலது குருத்தெலும்பை, சிலது இரண்டையுமே உண்டாக்காது. பிறகு அதன் குணத்தைப் பார்ப்பார்கள். சிலது இருந்த இடத்திலேயே கிடக்கும். சிலது அந்த இடத்தை அரித்து, எடுத்தாலும் திரும்ப வரும். சிலதுதான் நுரையீரல்வரை பரவும் புற்றுநோய். இவளுடையது குருத்தெலும்புக் கட்டி, பேசாமல் கிடக்கும் வகை மாதிரித் தெரிகிறது. சுரண்டி எடுத்துச் சோதித்த பிறகே உறுதியாகச் சொல்லலாம் என்றார்.

முறிந்த எலும்பு ஒன்றுசேர்ந்ததும் கட்டியைச் சுரண்டி எடுத்து, இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து அந்தக் குழியை நிரப்பினார்கள். இரண்டு வாரம் கழித்துச் சோதனை முடிவு வந்தது. மருத்துவர் தாளை நெடுநேரம் பார்த்தார், எக்ஸ்ரேயைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். ஜீவராணி இராமையாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"செல்லெல்லாம் கொஞ்சம் நெருக்கமா இருக்காம் அக்கா," என்றாள் சுதர்ஷினி. "இதையே இடுப்பெலும்புல பார்த்திருந்தா டாக்டர் பயந்திருப்பாராம். விரல்ல அது வழக்கந்தானாம். எங்க வந்திருக்கு, படத்துல எப்படி இருக்கு, எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் பேர் வைப்பாங்க. உங்களோடது சாதுவான கட்டி. கேன்சர் இல்லைங்க."

ஜீவராணி சிரித்த சிரிப்பில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இராமையாதான் அழுதார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத அம்மாளுக்கு, ஜீவராணி கட்டிகளின் வகைகளை ஒன்றுவிடாமல் விளக்கிக்கொண்டே வந்தாள். அந்த அம்மாள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

அன்று சாயந்திரமே அடுத்த வீட்டு ஆண்டியப்பன் வந்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை முழங்கால்வரை தூக்கி, ஏழு வருஷமாக யாருக்கும் காட்டாத ஒரு புடைப்பைக் காட்டினார். பயத்தில் மறைத்து வைத்திருந்தாராம். இது எந்த வகை என்று அவளிடம் கேட்டார்.

"அதை நான் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாதுண்ணே. படம் எடுக்கணும். நாளைக்கு நானே கூட்டிக்கிட்டுப் போறேன்."

கட்டுப்போட்ட கையோடு மறுநாள் அவரை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். படத்தில் எலும்பு கொஞ்சம் வெளியே வளர்ந்து, அதன்மேல் குருத்தெலும்பு தொப்பிபோல மூடியிருந்தது. தொந்தரவு தராதவரை அப்படியே விட்டுவிடலாம், திடீரென்று பெருத்தாலோ வலித்தாலோ வரச் சொன்னார்கள். திரும்பும் வழியில் தலவாக்கலையில் இறங்கி, ஆண்டியப்பன் அவளுக்குச் சுடச்சுட வடை வாங்கிக் கொடுத்தார். அவர் மட்டும் ஆறு தின்றார்.